பெர்த் காலி இல்லை

கேப்டன் ஒலிபெருக்கியில் சொல்கிறார்:
துறைமுகத்தில் இடமில்லை, விடியும்வரை இங்கேதான்.
பொங்கலுக்கு முந்தின ராத்திரி
கோயம்பேட்டுக்குள் நுழைய வழியில்லாமல்
நூறடி ரோட்டில் எஞ்சினை அணைத்துப் போட்ட
வெளியூர் வண்டி மாதிரி
நிற்கிறது கப்பல்.
பதினான்காவது இரவு. கரை தெரிகிறது.
தெரியாமலே இருந்திருக்கலாம்.

வடபழனி பணிமனையில் இருபத்தொன்பது வருஷம்
டைம் கீப்பர் நான்.
வந்த நேரம், போன நேரம், நடுவில் ஒரு டீ.
டிரைவர் நீட்டும் தாளில் கிறுக்கிக் கொடுத்தால்
பொழுது தானாகப் போய்விடும்.
அப்படிப்பட்டவனை
ஓய்வுப் பணத்தில் ஒரு கை அள்ளி
நடுக்கடலில் கொண்டுவந்து விட்டாள் புனிதவதி.

முதல் நாள் கடலைப் பார்த்தேன். இருந்தது.
இரண்டாம் நாளும் இருந்தது.
மூன்றாம் நாள் சவுகார்பேட்டைக் குடும்பமொன்று
முப்பத்தொரு பேர், சொந்தச் சமையல்காரர், ஏழு ஊறுகாய் ஜாடியோடு
சாப்பாட்டுக் கூடத்தின் பாதியைப் பிடித்துக்கொண்டது.
நான் மேல்தளத்துக்குப் போய்
சுற்றிச் சுற்றி நடந்தேன்.
ஒரு சுற்றுக்கு நாலு நிமிஷம் பத்து விநாடி
என்று டைரியில் எழுதினேன்.
சூரியன் வந்தது 5.52.
மறுநாள் 5.31.
கிழக்கே போகப் போக முன்னாடியே வருகிறது,
மெமோ கொடுக்க ஆளில்லை.

அப்புறம் ஒரு ராத்திரி
ஒரு மணி நேரத்தையே எடுத்துவிட்டார்கள்.
முள்ளை முன்னே தள்ளிவையுங்கள் என்று
கதவடியில் துண்டுச்சீட்டு.
ஐந்து நிமிஷத்துக்கே விளக்கம் எழுதித்தரச் சொன்னவன் நான்.
சிங்கப்பூர் வருவதற்குள்
மொத்தம் இரண்டரை மணி காணோம்.
திரும்பும் வழியில் தவணை தவணையாகத் தந்தார்கள்.
கோபத்தில் நான் வாங்கவில்லை.

புனிதவதிக்கு எதுவும் குறையவில்லை.
தம்போலாவில் இரண்டு முறை முழுவீடு அடித்தாள்.
பிலிப்பினோ பெண்ணொருத்தி எண்ணிக்கை சொல்ல
ஐம்பத்தாறு வயதில், வெள்ளை கேன்வாஸ் ஷூவில்,
இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம்.
தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.
பன்னிரண்டு நாற்பதுக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு
கேட்டில் நிற்பாள் என்பதைத் தவிர
இவள் எத்தனை மணிக்கு எங்கே இருப்பாள் என்று
எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது?

அறை துடைக்கவரும் கோவாக்காரப் பையன் ஃப்ளாவியோ
தினமும் துண்டை மடித்து மிருகம் செய்து வைப்பான்.
யானை, அன்னம், முயல், குரங்கு.
ஒன்பதாம் நாள் மிருகம் தீர்ந்துபோய்
என்ன வேண்டும் சார் என்றான்.
பஸ் என்றேன்.
முக்கால் மணி போராடினான்.
சக்கரம் வரவில்லை.
சக்கரமில்லாத வெள்ளை பஸ்
இரண்டு நாள் கட்டிலில் நின்றது,
அதைக் கலைக்காமல்
ஓரமாய்ப் படுத்துக்கொண்டோம்.

அன்றைக்குத்தான் அவள் டைரியை எடுத்துப் படித்தாள்.
மலாக்கா விளக்கு 2.20. டால்பின் 7.05, மூன்று. மழை 4.15, நின்றது 4.19.
பக்கம் பக்கமாகத் திருப்பிவிட்டுக் கேட்டாள்:
வந்தது இருக்கு, போனது இருக்கு,
இருந்தது எங்கே?
நான் யோசித்து முடிப்பதற்குள் குறட்டை.
ஜன்னலில்லாத அறை. விளக்கணைத்தால்
கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா தெரியாது.
11.40 என்று எழுதினேன்.
எதற்கு நேரே எழுதுவதென்று புரியாமல்
அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது கலங்கரை விளக்கம்
எங்களையும் ஒரு தடவை தடவிவிட்டுப் போகிறது.
காசிமேட்டுப் படகுகள் இரண்டு
எங்களைச் சட்டை செய்யாமல்
தங்கள் வேலைக்குப் போகின்றன.
புனிதவதி காகிதக் கோப்பையில் காபி கொண்டுவந்தாள்.
பாதிக்குப் பாதி.
கடற்கரைச் சாலையாக இருக்கவேண்டும்,
ஒரு வெளிச்சம் தெற்கே நகர்கிறது, தனியாக.
பஸ்ஸா என்றாள்.
இவ்வளவு தூரத்தில் என்ன தெரியும்.
லேட்டா என்றாள்.

பழக்க தோஷம், மணிக்கட்டைத் திருப்பினேன்.
இன்னும் சிங்கப்பூர் நேரம்.
ஒன்று பத்து.
ஒன்று பத்துக்கு அந்த ரூட்டில் வண்டியே கிடையாது.
ஆனால் போய்க்கொண்டிருக்கிறது,
சிக்னலில் நிற்கிறது,
மறுபடி போகிறது.
காபியில் சர்க்கரை போட மறந்திருக்கிறாள்.
குடிக்கிறேன்.